டிரம் இல்லாத பாட்டும் என் பேஸ் பெட்டியும்

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும், நான் ரிப்பேர் பண்ண அத்தனை வாஷிங் மெஷினும் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒழுக ஆரம்பிக்கட்டும். ஏற்கனவே ஒழுகிட்டிருக்கிறது இதுல சேராது. அது வேற விஷயம்.

ஆமா, என் தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். படிப்பைப் பத்திக் கேக்காதீங்க. பள்ளிக்கூடமும் நானும் அஞ்சாம் வகுப்புலயே ஒத்துவராம பிரிஞ்சுட்டோம். சண்டை சச்சரவு எதுவும் இல்ல. ரெண்டு பேருக்குமே நிம்மதி.

ஆனா ஒரு விஷயத்துல நான் பண்டிதன். டிரம் அண்ட் பேஸ். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அது ஒரு சங்கீதம். நிமிஷத்துக்கு நூத்தி எழுபத்திநாலு அடி. மேல டிரம்மு தலைதெறிக்க ஓடும். கீழ பேஸுங்கிற கனத்த சத்தம், பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையோட பெரியப்பா மாதிரி அசையாம உக்காந்து உறுமிட்டிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல நம்ம நெஞ்சு மாட்டிக்கும். அதுலயும் பரிசோதனை ரகம்னு ஒண்ணு இருக்கு. அதுல எது எப்ப வரும்னு பாட்டு போட்டவனுக்கே தெரியாது. நான் அந்த ரகத்துக்கு அடிமை. என்னால ஒரு இடத்துல சும்மா உக்கார முடியாது. கை மேஜைல தட்டும். கால் தரைல தட்டும். பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்தவங்க இடம் இல்லாட்டியும் எந்திரிச்சு நின்னுக்குவாங்க.

என் வீட்டுக்காரி தையல்காரி. எங்க வீட்டுல ஒரு ஹாலு, ஒரு உள் ரூமு, ஒரு சமையல்கட்டு. ஹால்ல அவளோட தையல் மெஷின். உள் ரூமுல பேஸ் பெட்டி, அதாவது ஸ்பீக்கர். பெட்டின்னா கைல தூக்கிட்டுப் போற பெட்டின்னு நெனச்சுடாதீங்க. பீரோவைப் படுக்கப் போட்ட சைஸ். அதுல பாட்டு போட்டா சமையல்கட்டுல டம்ளர் எல்லாம் வரிசையா நடந்து அலமாரி ஓரத்துக்கு வந்து, குதிக்கலாமா வேணாமான்னு எட்டிப் பாக்கும்.

பெட்டி என் ஒருத்தனுக்குச் சொந்தம் இல்ல. நாங்க நாலு ரசிகர்கள் சேர்ந்து வாங்கினது. ஒருத்தர் முடி வெட்டுறவர், அவர் பேரு எங்களுக்கு சலூன். ஒருத்தர் பல் ஆஸ்பத்திரில படம் எடுக்கிறவர், அவர் எக்ஸ்ரே. ஒருத்தர் லாரி ஓட்டுறவர், அவரை என்னன்னு கூப்பிடுறோம்னு நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்க. நாலாவது நான். மாசத்துக்கு ஒரு வீட்டுல பெட்டி இருக்கணும்னு ஏற்பாடு. என் முறை வந்தப்ப வாங்கி வெச்சேன். அதுக்கப்புறம் படிக்கட்டு ஈரம், எனக்கு முதுகுவலி, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல, இப்பிடிச் சொல்லிச் சொல்லி பதினோரு மாசம் ஓட்டிட்டேன்.

அப்பதான் வீட்டுல பிரச்சினை வந்துச்சு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல இருந்து வீட்டுக்காரிக்கு ஒரு ஆர்டர். நூத்தி இருபது வெள்ளைக் கோட்டு. அவ தைக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்ல.

"என்னங்க, ரெண்டாவது மெஷின் போடணும். துணி விரிச்சு வெட்ட ஒரு மேஜை போடணும். உள் ரூமு வேணும்."

"அங்க பெட்டி இருக்கே."

"அதான் வேணும்னு சொல்றேன். இல்லாத ரூமையா கேப்பேன்?"

"ஹால்லயே கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கோயேன்."

"ஹால்ல நெருக்கணும்னா யாராவது ஒருத்தர் வெளிய போகணும். மெஷின் போகாது. நான் போக மாட்டேன். மிச்சம் யாருன்னு எண்ணிப் பாத்துக்கோங்க."

எண்ணிப் பாத்தேன். எனக்குக் கணக்கு வராதுன்னாலும் அது வந்துச்சு.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமு காலியா இருக்கணும். இல்லன்னா அந்த ஆர்டர் அடுத்த தெரு ஆளுக்குப் போயிடும். அப்புறம் அந்த நூத்தி இருபது கோட்டையும் நான் வாழ்நாள் பூரா உங்களுக்கு ஞாபகப்படுத்துவேன். ஒரு நாளைக்கு ஒரு கோட்டு."

அவ செய்வா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அன்னிக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். உயிரே போனாலும் பெட்டி போகக் கூடாது. உயிர் போனா பெட்டியை வெச்சு என்ன பண்றதுன்னு அப்ப யோசிக்கல.

இது ஒரு பக்கம் இருக்க, எங்க நாலு பேருக்குள்ள அந்த வாரம் வேற ஒரு நெருப்பு எரிஞ்சுட்டிருந்துச்சு. புதுசா ஒரு பாட்டு வந்திருந்துச்சு. ஏழு நிமிஷம். ஏழு நிமிஷமும் பேஸ் உறுமும். நடுவுல யாரோ மூச்சு விடுவாங்க. ஒரு கதவு மெதுவா சாத்திக்கும். அப்புறம் ஒரு நிமிஷம் சுத்தமா ஒண்ணுமே இல்ல. டிரம்மு மட்டும் மருந்துக்குக்கூட கிடையாது. இது டிரம் அண்ட் பேஸா, இல்லையா? நானும் எக்ஸ்ரேயும் ஆமா கட்சி. சலூனும் லாரியும் இல்ல கட்சி. எங்களுக்குத் தலைவர் நான், அவங்களுக்கு சலூன். சலூன் கடைல வெச்சு அடிச்சுக்கிட்டோம். பாதி சவரம் பண்ண முகத்தோட ஒரு கஸ்டமர் முக்கால் மணி நேரம் உக்காந்திருந்து, கடைசில பாதி முகத்தோடயே எந்திரிச்சுப் போனார்.

சலூன்தான் சொன்னார். "இப்பிடியே போனா எனக்குக் கடை இருக்காது. இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு வாக்குவாதம். ஒரு நடுவர். ஜெயிச்ச கட்சித் தலைவருக்குப் பெட்டி நிரந்தரமா சொந்தம். அதோட முடிஞ்சுது."

சலூனுக்குப் பெட்டி மேல ரொம்ப நாளா கண்ணு. மனுஷன் தனியாள். கடைக்கு மேலயே ஒரு ரூமு. தடுக்க ஆள் கிடையாது. ஒரு அட்டைல இந்தச் சட்டத்தை எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். நான் போட்டது கையெழுத்துன்னு மத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. அட்டையை என் சட்டைப் பைல வெச்சேன்.

"நடுவர் யாரு?" எக்ஸ்ரே கேட்டார்.

"நாலு பேரையும் ஒரே மாதிரி பாக்கிற ஆளா இருக்கணும்," சலூன் சொன்னார். "நம்ம நாலு பேரையும் சமமா மதிக்காத ஒரே ஆளு இவர் வீட்டுக்காரம்மாதான்."

எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பேஸ் உறுமிச்சு. பளிச்சுன்னு திட்டம் பொறந்துடுச்சு.

வீட்டுக்கு வந்தேன். அவ நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டிருந்தா.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை நீதான் நடுவர்."

"எதுக்கு?"

"ஒரு பாட்டு. அதுல டிரம் இல்ல. அது டிரம் அண்ட் பேஸா இல்லையான்னு நீ தீர்ப்பு சொல்லணும்."

"டிரம் இல்லன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்குத் தீர்ப்பு?"

"அங்கதான் விஷயமே இருக்கு."

"எங்க?"

"அந்த இல்லாத இடத்துல."

என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. துணியை எந்த இடத்துல வெட்டலாம்னு பாக்கிறப்பவும் இதே பார்வைதான்.

"சரி. ஜெயிச்சா என்ன? தோத்தா என்ன?"

வாய் கூசாம சொன்னேன். "தோத்தவன் தலைல பெட்டி. அதான் தண்டனை. ஆயுசுக்கும் அவன் வீட்டுலயே கிடக்கணும்."

"ஜெயிச்சவர்?"

"அவன் வீட்டுல ரூமு காலி. நீ மெஷினைப் போட்டுக்கலாம்."

"அப்ப உங்களை ஜெயிக்க வெச்சா எனக்கு ரூமு."

"அதேதான்."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா..."

"வேணாம். போன தடவை நீங்க என் மேல சத்தியம் பண்ணப்ப மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தேன்."

பாத்தீங்களா என் மூளையை? அவளே என்னை ஜெயிக்க வெப்பா. ஜெயிச்சதும் பெட்டி எனக்கே. அப்புறம் சட்டம் மாறிப்போச்சுன்னு கையை விரிச்சுடலாம். அவ என்ன சொல்வான்னு கேக்காதீங்க. என் திட்டம் எல்லாம் எங்க பில்டிங் லிஃப்ட் மாதிரி. பாதி தூரம் நல்லாத்தான் போகும்.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு எல்லாரும் வந்தாச்சு. எக்ஸ்ரே முழுக்கை சட்டையை இன் பண்ணிட்டு வந்திருந்தார். சலூன் தலைக்கு எண்ணெய் தடவி வகிடு எடுத்திருந்தார். லாரி எப்பவும் போல வாசப்படியை அடைச்சுக்கிட்டு உக்காந்தார். எனக்கு இருப்பு கொள்ளல. உக்காந்தேன். எந்திரிச்சேன். ஜன்னலைத் திறந்தேன். மூடினேன்.

"என்னங்க, ஒண்ணு உக்காருங்க, இல்ல ஜன்னலாவே மாறிடுங்க," நடுவர் சொன்னா. பெட்டிக்கு எதிர்ல ஒரு ஸ்டூல் போட்டு, மடில ஒரு வெள்ளைக் கோட்டை வெச்சு விளிம்பு மடிச்சுத் தெச்சுக்கிட்டே உக்காந்திருந்தா.

பாட்டைப் போட்டேன். டம்ளர் நடக்க ஆரம்பிச்சுது. பேஸ் உறுமிச்சு. மூச்சு விட்டாங்க. கதவு சாத்திக்கிச்சு. அப்புறம் அந்த ஒண்ணுமே இல்லாத நிமிஷம் வந்துச்சு. நாங்க நாலு பேரும் கண்ணை மூடிக்கிட்டோம்.

"கரண்ட் போயிடுச்சா?" அவ கேட்டா.

"இல்ல தங்கச்சி," லாரி சொன்னார். "பாட்டே அப்பிடித்தான்."

அப்ப, டொக் டொக் டொக்னு மூணு அடி. எக்ஸ்ரே துள்ளி எந்திரிச்சார். "கேட்டீங்களா? டிரம். இல்லன்னு சொன்னீங்களே. நேத்து இது என் காதுல படல. என்ன நுணுக்கம் பாருங்க. தரைக்கு அடியில இருந்து வர்ற மாதிரி வெச்சிருக்கான்."

"தரைக்கு அடியில இருந்துதான் வருது," அவ சொன்னா. "கீழ்வீட்டு அம்மா ஒட்டடைக் கம்பால இடிக்கிறாங்க."

எக்ஸ்ரே உக்காந்தார். எங்க கட்சிக்கு முதல் சறுக்கல்.

சலூன் தொடங்கினார். "தங்கச்சி, நான் சுத்தி வளைக்கல. டிரம் அண்ட் பேஸ்னு பேரு வெச்சிருக்கு. பேருல முதல் பாதியே டிரம். ஒருத்தர் முடியே இல்லாத தலையைக் கொண்டுவந்து நாற்காலில உக்காந்து, வெட்டுங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"வெட்டின மாதிரி கத்தரியை ஆட்டுவீங்க," நான் சொன்னேன். "துண்டை உதறுவீங்க. கண்ணாடி காட்டுவீங்க. போன மாசம் என் மாமாவுக்கு அதான் பண்ணீங்க. அவர் ரொம்ப சந்தோஷமாத்தான் போனார். அதுக்குப் பேருதான் பரிசோதனை."

"அது தொழில் தர்மம்."

"இது சங்கீத தர்மம்."

எக்ஸ்ரே தொண்டையைச் செருமினார். "அண்ணி, நான் தினமும் படம் எடுக்கிறேன். வெளிய பாத்தா கன்னம். பல்லு தெரியாது. தெரியலைங்கிறதுக்காக உள்ள பல்லே இல்லன்னு சொல்லிட முடியுமா?"

"சில பேருக்கு இல்லதான்," சலூன் சொன்னார்.

லாரி ரொம்ப நேரம் தரையைப் பாத்துட்டு வாயைத் திறந்தார். "நான் எட்டு மணி நேரம் ஒரே ரோட்டுல ஓட்டுறவன். டிரம் இருக்கிற பாட்டு போட்டா முழிச்சிருப்பேன். இந்தப் பாட்டைப் போட்டா பள்ளத்துல இருப்பேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்." திரும்பவும் தரையைப் பாத்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க," நடுவர் கேட்டா. "டிரம் இருக்கிற பாட்டுல டிரம்மை எப்பிடிப் பண்றாங்க?"

"யாரோ எப்பவோ அடிச்ச அடியை எடுப்பாங்க," எக்ஸ்ரே விளக்கினார். "அதைத் துண்டு துண்டா வெட்டுவாங்க. வரிசையை மாத்தி, வேகத்தை ஏத்தி, ஒட்டுப் போட்டு, ஒட்டு தெரியாம இழைச்சுடுவாங்க."

"வெட்டி, மாத்தி, ஒட்டுத் தெரியாம தைக்கிறது. அதான நானும் பண்றேன். இருபது வருஷமா யாரும் எனக்குக் கண்ணை மூடித் தலையாட்டல."

எக்ஸ்ரே உடனே கண்ணை மூடித் தலையாட்டினார். அவ பாத்த பார்வைல திறந்துட்டார்.

இதுதான் சமயம்னு நான் எந்திரிச்சேன். நான் பேசினதை அப்பிடியே சொல்றேன். என் வாழ்க்கைலயே நான் இவ்வளவு நல்லா பேசினது கிடையாது.

"டிரம் எங்க இருக்கு? பெட்டிலயா? இல்ல. காதுலயா? இல்ல. நெஞ்சுல இருக்கு. பத்து வருஷமா நூத்தி எழுபத்திநாலு அடியை வாங்கின நெஞ்சு இது. இதுக்கு இனிமே யாரும் அடிச்சுக் காட்ட வேணாம். பேஸைக் கொஞ்சம் காட்டினா போதும், டிரம்மு தானா உள்ள ஓடும். அட, பேஸுகூட வேணாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டாலும் எனக்குக் கேக்கும். வாஷிங் மெஷினை நிறுத்தின பின்னாடியும் உள்ள தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும்ல, அந்த மாதிரி. அடிச்சாத்தான் கேக்கும்னு சொல்றவன் ரசிகன் இல்ல. கதவு."

எக்ஸ்ரே கை தட்டினார். லாரிக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சலூன் மட்டும் வகிடைத் தடவிக்கிட்டார். நான் உக்காந்து, கண்ணால வீட்டுக்காரிக்கு ஜாடை காட்டினேன். அவ ஊசியைக் கோட்டுல குத்தி வெச்சா.

"தீர்ப்பு சொல்லலாமா?"

"சொல்லுங்க அண்ணி."

"என் வீட்டுக்காரர்தான் ஜெயிச்சார். அந்தப் பாட்டுல டிரம் இருக்கு. கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு இருக்கு."

நான் எக்ஸ்ரேயைக் கட்டிப் பிடிச்சேன். அவர் சட்டை இன்ல இருந்து வெளிய வந்துடுச்சு.

"இருங்க," அவ சொன்னா. பக்கத்துல இருந்த தாளுங்களுக்கு நடுவுல இருந்து ஒரு காலர் அளவு அட்டையை எடுத்தா. கோட்டுக் காலர் வரைஞ்சு வெட்டினது. அதைத் திருப்பினா. பின்னாடி எங்க கையெழுத்து நாலும் இருந்துச்சு. அளவு வெட்ட அட்டை இல்லன்னு என் சட்டைப் பைல இருந்ததை எடுத்திருக்கா. "ஜெயிச்ச கட்சித் தலைவருக்குப் பெட்டி நிரந்தரமா சொந்தம். இப்பிடித்தான எழுதியிருக்கு?"

நான் என் சட்டைப் பையைத் தடவிப் பாத்தேன்.

"தோத்தவங்க தலைலன்னு எங்கயும் எழுதலையே. காலர் வளைவுல வெட்டுப்பட்டுப் போச்சோ?"

"அது வந்து..."

"பரவால்ல. சட்டம்னா சட்டம். பெட்டி உங்களுக்குத்தான்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. பொய் வெளிய வந்தும் பெட்டி எனக்கே. இப்பிடி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பான்னு நெனச்சேன். அதை நெனச்சு முடிக்கவிடல.

"ஒரே ஒரு சந்தேகம்," அவ சொன்னா. "எல்லாத்தையும் எடுத்துட்டாலும் உங்களுக்குக் கேக்கும்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"டிரம் பெட்டில இல்ல, நெஞ்சுல இருக்குன்னீங்க."

"ஆமா. நெஞ்சுலதான்."

"சலூன் அண்ணனுக்கு?"

"அவருக்கா? அவருக்கு ஒவ்வொண்ணையும் பக்கத்துல வெச்சு அடிச்சுக் காட்டணும்."

"அப்ப அவருக்குப் பெட்டி இல்லாம முடியாது."

"முடியவே முடியாது. பாவம்."

"உங்களுக்கு?"

அப்பதான் எங்க நிக்கிறேன்னு பாத்தேன். வேணும்னு சொன்னா, என் பேச்சு பொய். நான் தோத்தேன். பெட்டி சலூனுக்கு. வேணாம்னு சொன்னா, என் பேச்சு மெய். நான் ஜெயிச்சேன். பெட்டி சலூனுக்கு.

எக்ஸ்ரேயைப் பாத்தேன். என் கட்சி ஆளு, ஏதாவது சொல்வார்னு. அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு. "தலைவரே, அண்ணி சொல்றதுதான் நம்ம கொள்கை. பெட்டியே இல்லாம கேக்கிறது. இதுக்கு மேல பரிசோதனை ஏது? நீங்க எங்கயோ போயிட்டீங்க."

"இவ்வளவு பெரிய மனசை நான் பாத்ததில்ல," சலூன் சொல்லிக்கிட்டே பெட்டியோட ஒரு மூலையைப் பிடிச்சார். லாரி இன்னொரு மூலையைப் பிடிச்சார். ரெண்டு பேருக்கும் எங்க பிடிக்கணும், எப்பிடித் திருப்பணும்னு எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கீழ லாரி நின்னுச்சு. பின்பக்கக் கதவு திறந்து, உள்ள பழைய மெத்தை விரிச்சு, கயிறு எல்லாம் தயாரா கிடந்துச்சு.

"இந்த வண்டியை யாரு எடுத்துட்டு வரச் சொன்னது?"

"தங்கச்சிதான்," லாரி மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னார். "புதன்கிழமையே சொல்லிட்டாங்க."

"புதன்கிழமையா? ஒருவேளை நான் தோத்திருந்தா?"

"அப்பவும் இதே வண்டிதான்."

பெட்டி போச்சு. மத்தியானத்துக்குள்ள ரெண்டாவது மெஷின் வந்துச்சு, வெட்டுற மேஜை வந்துச்சு. உள் ரூமுல துணி வெட்டுற சத்தம் கேட்டுச்சு. டம்ளர் எல்லாம் இருந்த இடத்துலயே இருந்துச்சு. எனக்குத்தான் நிலை கொள்ளல. ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்தேன். படிக்கட்டுல இறங்கினேன். ஏறினேன். திங்கக்கிழமை சலூன் போன் பண்ணினார். "பெட்டி என் ரூமுல அமர்க்களமா பேசுது. கத்தரியே தானா ஆடுது. புதுசா ஒண்ணு வந்திருக்கு, டிரம்மு மட்டும்தான், பேஸே இல்ல. உடனே வாங்க, வாக்குவாதம் இருக்கு."

செருப்பைக் கைல எடுத்துக்கிட்டு, பூனை மாதிரி வாசல் வரைக்கும் போயிட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" உள்ள இருந்து குரல்.

"சலூன் வீட்டுக்கு. ஒரே ஒரு பாட்டு. கேட்டுட்டு வந்துடுறேன்."

"எதுக்கு அவ்வளவு தூரம்? உங்களுக்குத்தான் இங்கயே கேக்குமே."

செருப்பை வெச்சுட்டேன். அன்னில இருந்து உள் ரூமுல, பெட்டி இருந்த இடத்துல ஒரு ஸ்டூல்ல உக்காந்து கோட்டுக்குப் பட்டன் தெச்சுட்டிருக்கேன். நூத்தி இருபது கோட்டு. ஒரு கோட்டுக்கு ஆறு பட்டன். மொத்தம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் பயமா இருக்கு.

அதனால, இவ்வளவு நேரம் பல்லைக் காட்டிக் கேட்டீங்கல்ல, சும்மா எந்திரிச்சுப் போக விட மாட்டேன். கதைக்குக் கூலி ஆளுக்குப் பத்து பட்டன். ஊசி அந்த டப்பால இருக்கு. நூலைக் கோத்துட்டு வரிசையா உக்காருங்க. முடிச்சு கெட்டியா போடணும், அவ இழுத்துப் பாப்பா.